சின்ன எஸ்யூவியில் டர்ட் பைக் இழுத்துப் போவது: முதல் முறை கட்டுபவர்களுக்கு

டர்ட் பைக் வாங்கியவர்களுக்குப் புது பைக் மயக்கம் தெளிந்ததும் வருகிற முதல் கேள்வி, இதை எப்படிக் கொண்டுபோவது என்பதுதான். பெரும்பாலும் பைக்குக்கு விளக்கு இருக்காது, நம்பர் பிளேட் இருக்காது, சாலையில் ஓட்ட முடியாது. ஓட்டுகிற மண்ணோ எங்கேயோ தள்ளி இருக்கும். வீட்டு வாசலில் நிற்பது ஒரு சின்ன எஸ்யூவி. டிரெய்லரில் பைக்கை ஏற்றினால் இது இழுக்குமா?

இழுக்கும். மண் பந்தயத்துக்கான 250 சிசி மோட்டோகிராஸ் பைக் ஒன்று பெட்ரோலோடு சேர்த்து 105 கிலோ அளவில் இருக்கும். 450 சிசி என்றால் 110-ஐ ஒட்டி வரும். சாலையிலும் மண்ணிலும் ஓடுகிற இரட்டைப் பயன் பைக்குகள்தான் 140, 150 என்று ஏறும். இரண்டு மோட்டோகிராஸ் பைக் சேர்ந்தால் மூன்று ஆள் எடை, அவ்வளவுதான். அதை இழுப்பதில் எஞ்சினுக்குப் பெரிய கஷ்டம் இல்லை. சின்ன எஸ்யூவி தடுமாறுவது வேறு இரண்டு இடங்களில்: பின்னால் அமுக்குகிற பாரத்தைத் தாங்குவதில், ஓடுகிற மொத்த எடையையும் நிறுத்துவதில். இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் அந்த இரண்டையும் பற்றித்தான்.

முதலில் கையேடு

டிரெய்லர் பார்க்கப் போகுமுன் வண்டியின் கையேட்டை எடுங்கள். டிரெய்லர் இழுப்பது பற்றிய பக்கத்தில் இருந்து மூன்று எண்களைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.

முதல் எண், இழுக்கலாம் என்று அனுமதித்த அதிகபட்ச டிரெய்லர் எடை. இது சுமையோடு சேர்ந்த எடை, காலி டிரெய்லரின் எடை அல்ல. வட அமெரிக்காவில் விற்கிற பல சின்ன எஸ்யூவிகளுக்கு இது 680 கிலோ. சிலவற்றுக்கு 1,588 வரை உண்டு. பிரேக் இல்லாத டிரெய்லருக்கும் பிரேக் உள்ள டிரெய்லருக்கும் தனித்தனி எண் போட்டிருந்தால் இரண்டையும் எழுதுங்கள். ஒரே மாடலுக்கு நாட்டுக்கு நாடு எண் மாறுவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். டிரெய்லரோடு எவ்வளவு வேகம் போகலாம், ஹிட்ச்சின் (வண்டியின் பின்னால் டிரெய்லரை மாட்டுகிற இரும்புப் பிடி) மேல் எவ்வளவு அமுக்கம் வேண்டும் என்ற கணக்கு ஊருக்கு ஊர் வேறு. இன்னொரு நாட்டுக்காரர் காணொளியில் பெரிய டிரெய்லர் இழுக்கிறார் என்பது உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. உங்களுக்கு விற்ற வண்டியோடு வந்த கையேடுதான் பேசும். அதில் ‘இழுக்கக் கூடாது’ என்று இருந்தால், சரி, இந்த வண்டி இதற்கு இல்லை. வேறு வழி பார்க்க வேண்டியதுதான்.

இரண்டாவது எண்தான் புதியவர்கள் கவனிக்காமல் விடுவது. டிரெய்லரின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை டங் என்பார்கள். அதன் முனை வண்டியின் ஹிட்ச்சை எத்தனை கிலோவோடு கீழே அமுக்குகிறது என்பதே டங் வெயிட். மாட்டுவண்டிக்காரர்களிடம் இதற்கு நல்ல தமிழ் உண்டு: முன்பாரம். முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து நசுங்கும். பின்பாரமானால் நுகம் மேலே எழும்பி கழுத்துக் கயிறு இறுகும். மாட்டுக்குப் பதில் எஸ்யூவி என்பதைத் தவிர இங்கே எதுவும் மாறவில்லை. 680 கிலோ இழுக்கிற வண்டிக்கு முன்பார வரம்பு பெரும்பாலும் 68 கிலோ அளவில்தான் இருக்கும்.

மூன்றாவது எண் வண்டி தனக்குள் சுமக்கக்கூடிய மொத்தச் சுமை. பல வண்டிகளில் டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். ஆட்கள், பைகள், தண்ணீர்க் கேன் எல்லாம் இதில் அடக்கம். ஹிட்ச்சை அமுக்குகிற முன்பாரமும் இதில்தான் சேரும். வரம்பு 400 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் 280, பைகளும் ஹெல்மெட்டும் பூட்ஸும் 50, முன்பாரம் 50 என்றால் 380 ஆகிவிட்டது. ஐந்தாவது ஆள் ‘நானும் வரட்டுமா’ என்றால் மரியாதையாக மறுத்துவிடலாம்.

மலைப்பகுதிக்குப் போகிறவர்கள் இன்னொரு வரியும் தேடுங்கள். உயரம் கூடக் கூட எஞ்சினின் வலு குறையும் என்பதால், ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் இழுக்கும் எடையில் 10 சதவீதம் குறைக்கச் சொல்கிற கையேடுகள் உண்டு.

கேரியரா, டிரெய்லரா?

ஹிட்ச்சிலேயே செருகி, பைக்கை வண்டியின் முதுகுக்குக் குறுக்கே தொங்கவிடுகிற கேரியர்கள் கிடைக்கின்றன. விலை குறைவு, நிறுத்த இடம் வேண்டாம், ரிவர்ஸ் எடுக்கும் தொல்லை இல்லை. எனக்கும் முதலில் அதில்தான் கண். தாளில் கணக்குப் போட்டதும் ஆசை போய்விட்டது.

பைக் 110, கேரியர் 30, ஆக 140 கிலோ. டிரெய்லரில் பெரும்பகுதி எடையை அதன் சக்கரங்களே தாங்கும். கேரியருக்குச் சக்கரம் இல்லை. அந்த 140-ம் அப்படியே ஹிட்ச்சில் தொங்கும். 68 கிலோ வரம்பில் இதற்கு இடமே இல்லை. போதாததற்கு நெம்புகோல் கணக்கு வேறு. வண்டியின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 260 செ.மீ., பைக் பின் அச்சிலிருந்து 140 செ.மீ. பின்னால் தொங்குகிறது என்றால், முன் சக்கரங்களின் மேல் இருக்கிற எடையில் 75 கிலோ கழன்றுவிடும். பின் அச்சு 215 கிலோ கூடுதலாகச் சுமக்கும். சின்ன எஸ்யூவிகளில் பெரும்பாலானவை முன் சக்கரத்தால் இழுப்பவை, எல்லா வண்டியும் முன் சக்கரத்தால் திரும்புபவை. மழை ஈரத்தில் முன்பக்கம் லேசாகிப்போன வண்டியின் ஸ்டியரிங் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சிறுவர்களுக்கான 50 சிசி பைக் ஒன்று மட்டும்தான், அதுவும் கேரியரோடு சேர்த்து ஹிட்ச், வண்டி இரண்டின் வரம்புக்குள்ளும் வருகிறது என்றால் கேரியர் சரி. மற்றபடி டிரெய்லர்.

எந்த டிரெய்லர்

சின்னது, திறந்தது, லேசானது. இரண்டு மூன்று தடங்கள் மட்டும் உள்ள பைக் டிரெய்லர்கள் 150 முதல் 250 கிலோவுக்குள் கிடைக்கும். தரை போட்ட சாதாரணச் சுமை டிரெய்லர் கொஞ்சம் கூட வரும், ஆனால் வேறு வேலைக்கும் உதவும். மூடிய பெட்டி டிரெய்லர் பார்க்க அழகாக இருக்கும், திருட்டுப் பயமும் குறைவு. ஆனால் காலியாகவே 600 கிலோவைத் தாண்டுபவை அதில் நிறைய. போதாக்குறைக்கு அந்தப் பெட்டிமுகம் காற்றைச் சுவர் மாதிரி வாங்கும். சின்ன எஸ்யூவிக்கு அது வேண்டாம்.

பழைய டிரெய்லர் வாங்கினால் பெயிண்டைப் பார்க்காதீர்கள், சக்கரத்தைப் பாருங்கள். 8 அங்குல ரிம் போட்ட குட்டிச் சக்கரத்தின் மொத்த விட்டம் 41 செ.மீ. அளவு. உங்கள் எஸ்யூவியின் சக்கரம் 68 செ.மீ. இருக்கும். 80 கி.மீ. வேகத்தில் வண்டிச் சக்கரம் நிமிடத்துக்கு 620 சுற்று சுற்றும்போது இந்தக் குட்டி 1,000 சுற்றுக்கு மேல் சுற்றும். அதனால்தான் இந்த டிரெய்லர்களில் முதலில் போவது பேரிங். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். டொக்டொக் என்று ஆடினால் பேரிங் தளர்ந்திருக்கிறது. கையால் சுற்றிவிட்டால் சத்தமில்லாமல் சுற்ற வேண்டும். மணல் அரைபடுகிற சத்தம் கேட்டால் புது பேரிங் போடாமல் சாலைக்கு வரக் கூடாது. 12 அங்குல ரிம் கிடைத்தால் யோசிக்காமல் அதையே எடுங்கள்.

டயரில் பட்டன் தேயாமல் இருக்கும், ஆனால் வருடக்கணக்கில் வெயிலில் நின்று ரப்பர் வெடித்திருக்கும். பக்கவாட்டில் பொறித்த நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். ஐந்தாறு வருடம் தாண்டிய டிரெய்லர் டயரை நான் நம்புவதில்லை. காற்றழுத்தமும் கார் டயர் கணக்கில் வராது. இந்தக் குட்டி டயர்கள் பல 60, 90 பி.எஸ்.ஐ. கூடக் கேட்கும். டயரின் மேலேயே எழுதியிருக்கும். காருக்கு அடிக்கிற 33-ஐ இதற்கும் அடித்தால் ஓட ஓடச் சூடேறி வெடிக்கும்.

ஹிட்ச், பந்து, ஒயர்

ஹிட்ச்சை உங்கள் மாடலுக்கென்றே செய்ததாக வாங்குங்கள். ஹிட்ச் 900 கிலோ தாங்கும் என்று எழுதியிருந்தாலும் வண்டியின் வரம்பு 680 என்றால் 680-தான். சங்கிலியில் மெலிந்த கண்ணிதான் கணக்கு. ஹிட்ச் போட்டதால் வண்டிக்குப் பலம் கூடிவிடாது.

ஹிட்ச்சில் செருகுகிற தண்டின் முனையில் ஓர் இரும்புப் பந்து இருக்கும். டங் முனையில் உள்ள கப்ளர் எனும் கிண்ணம் அதன் மேல் உட்கார்ந்து பூட்டும். பந்தின் அளவில் ஏமாறாதீர்கள். 47.6, 50, 50.8 மி.மீ. என்று அளவுகள் உண்டு. கண்ணால் பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். 50.8-க்கான கப்ளரை 47.6 பந்தின் மேல் வைத்தால் உட்காரும், பூட்டும், வாசலைத் தாண்டி நன்றாகவே வரும். ஒரு பள்ளத்தில் டிரெய்லர் துள்ளும்போதுதான் கழன்று எழும்பும். பந்தின் தலையில் ஓர் எண் இருக்கும், கப்ளரின் மேல் ஓர் எண் இருக்கும். இரண்டும் ஒன்றா என்று பாருங்கள். பூட்டிய பிறகு டங்கைக் கையால் பிடித்து மேலே தூக்குங்கள். வண்டியின் பின்பக்கமே எழும்ப வேண்டும். கப்ளர் மட்டும் எழும்பினால் பூட்டு விழவில்லை.

பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் டங்குக்கு அடியில் பெருக்கல் குறி மாதிரி குறுக்காகப் போட்டு மாட்டுங்கள். கப்ளர் கழன்றால் டங் தரையில் குத்தாமல் அந்தக் குறுக்கு அதைத் தொட்டில் மாதிரி தாங்கும். சங்கிலி தரையில் உரசக் கூடாது, திருப்பத்தில் இறுகவும் கூடாது. அப்புறம் பந்துத் தண்டை ஹிட்ச்சில் பிடித்து வைக்கிற ஹிட்ச் பின், அதன் கிளிப். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது இந்தக் கிளிப்புக்காகவே சொன்ன மாதிரி இருக்கும். ஒன்றை உபரியாக வண்டியில் வைத்திருங்கள்.

ஒயரிங்கைப் பொறுத்தவரை, வண்டியின் விளக்கு ஒயரைச் சொந்தமாக வெட்டி ஒட்டாமல், உங்கள் மாடலுக்கான இணைப்புப் பெட்டியோடு வருகிற தொகுப்பைப் போடுவது நல்லது. இடது இண்டிகேட்டர் போட்டால் இரண்டு பக்கமும் மங்கலாக மினுக்குகிறது, பிரேக் அழுத்தினால் எல்லா விளக்கும் அணைகிறது என்றெல்லாம் பேய் பிடித்த மாதிரி நடந்தால் முதலில் எர்த் ஒயரைப் பாருங்கள். பெரும்பாலும் வெள்ளை ஒயர். டிரெய்லர் சட்டத்தில் அது திருகியிருக்கிற இடத்தில் துருப் பிடித்திருக்கும். உப்புத்தாளால் தேய்த்து மறுபடி முறுக்கினால் பத்தில் எட்டு முறை பேய் ஓடிவிடும்.

டிரெய்லருக்குப் பதிவு, நம்பர் பிளேட், ஓட்டுநர் உரிமத்தின் வகை, இன்சூரன்ஸ், டிரெய்லரோடு போகும்போதான வேக வரம்பு எல்லாம் நீங்கள் இருக்கிற இடத்தின் சட்டத்தைப் பொறுத்தவை. ஒரு மணி நேரம் செலவழித்து விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஏற்றுவது

ஒரு விதியில் ஆரம்பிக்கலாம்: வண்டியில் மாட்டாத டிரெய்லரில் பைக்கை ஏற்றக் கூடாது. பின்னால் ரேம்ப் எனும் சாய்வுப் பலகையில் 105 கிலோ பைக்கும் உங்கள் எடையும் ஏறும்போது மொத்தமும் அச்சுக்குப் பின்னால் இருக்கும். டங் ஆகாயத்தைப் பார்க்கும், டிரெய்லரின் வால் தரையில் அடிக்கும், நீங்களும் பைக்கும் சேர்ந்து உருளுவீர்கள். இறக்கும்போதும் இதே விதி. முதலில் பைக்குகள், அப்புறம்தான் டிரெய்லரைக் கழற்றுவது.

சமதரையில் வண்டியை நிறுத்தி, கை பிரேக் போட்டு, ரேம்ப்பின் மேல்முனையை ஒரு ஸ்ட்ராப்பால் (கொக்கி வைத்த கட்டுப்பட்டை) டிரெய்லரோடு கட்டிவிடுங்கள். கட்டாத ரேம்ப்பை பைக்கின் பின்சக்கரம் உதைத்துத் தள்ளிவிடும். ஏறி உட்கார்ந்து ஓட்டியே ஏற்றுகிற வித்தைகளைப் பார்த்திருப்பீர்கள். வேண்டாம். பைக்கின் இடதுபக்கம் நின்று, எஞ்சினை ஓடவிட்டு, முதல் கியரில், கிளட்சை விட்டும் பிடித்தும் கூடவே நடந்தால் பைக் தானாக ஏறும். உங்கள் கால் வைக்க இன்னொரு ரேம்ப்போ உறுதியான முக்காலியோ பக்கத்தில் இருக்கட்டும். இரண்டு பேர் இருந்தால் எஞ்சினே வேண்டாம், ஒருவர் ஹேண்டில், ஒருவர் பின்னால் தள்ளுவது.

ஒரே பைக் என்றால் நடுத் தடம். இரண்டு என்றால் ஹேண்டில்பார்கள் இடிக்கும். ஒன்றைக் கொஞ்சம் முன்னே தள்ளி வையுங்கள், அல்லது ஒன்றைப் பின்புறமாகத் திருப்பி ஏற்றுங்கள். எடையில் வித்தியாசம் இருந்தால் கனமானது முன்னே. கார்புரேட்டர் பைக் என்றால் பெட்ரோல் குழாயை மூடுங்கள். மறந்தால் வழியெல்லாம் குலுங்கி, போய்ச் சேரும்போது டிரெய்லரே பெட்ரோல் நாற்றம் அடிக்கும்.

கட்டுவது

இதில் மட்டும் அவசரம் கூடாது. ஒரு பைக்குக்கு நான்கு ஸ்ட்ராப். சைடு ஸ்டாண்டு மடக்கியிருக்க வேண்டும். ஸ்டாண்டில் நிறுத்திக் கட்டினால், ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்டாண்டு வளையும், கட்டு தளரும்.

முன்சக்கரம் தடுப்பில் போய் முட்டி நிற்கட்டும். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் டிரிபிள் கிளாம்ப்புக்குப் பக்கத்தில் இரண்டு பக்கமும் சாஃப்ட் லூப் எனும் துணி வளையத்தைப் போடுங்கள். இரும்புக் கொக்கி நேராக பைக்கில் பட்டால் சுரண்டும், நழுவும். அந்த வளையத்திலிருந்து முன் மூலைகளுக்கு, மேலிருந்து பார்த்தாலும் பக்கத்திலிருந்து பார்த்தாலும் சுமார் 45 டிகிரி சாய்வில் ஸ்ட்ராப் போக வேண்டும். கிளட்ச் கேபிள், பிரேக் குழாய் எதுவும் இடையில் சிக்கவில்லையே என்று விரலால் தடவிப் பாருங்கள்.

இப்போது ஒரு பக்கம் லேசாக, மறுபக்கம் லேசாக என்று மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒரே பக்கத்தை முழுதாக இறுக்கினால் பைக் அந்தப் பக்கம் சாயும். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் குழாய்களான முன் ஃபோர்க் மெல்ல அமுங்குவது தெரியும். அதன் மொத்த ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு அமுங்கினால் போதும். பள்ளத்தில் விழும்போது ஃபோர்க் இன்னும் அமுங்க இடம் வேண்டும், ஆனால் ஸ்ட்ராப் தொய்ந்து கொக்கி கழலுகிற அளவு அமுங்கக் கூடாது. அதற்காகவே டயருக்கும் மட்கார்டுக்கும் இடையில் வைக்கிற பிளாஸ்டிக் கட்டைகள் விற்கிறார்கள். நீண்ட பயணத்துக்கு அது நல்ல முதலீடு. கட்டியபின் ஹேண்டிலைப் பிடித்துப் பலமாக ஆட்டுங்கள். பைக்கோடு சேர்ந்து டிரெய்லரும் எஸ்யூவியும் ஆட வேண்டும். பைக் மட்டும் ஆடினால் கட்டு போதாது.

பின்னால் இரண்டு ஸ்ட்ராப் பைக்கைக் கீழே அழுத்துவதற்கு அல்ல, பின்சக்கரம் பக்கவாட்டில் துள்ளாமல் இருப்பதற்கு. மிதமான இறுக்கம் போதும்.

கொக்கிகளில், திறந்த எஸ் வடிவக் கொக்கியைவிட வாயில் தாழ்ப்பாள் உள்ளதை வாங்குங்கள். ஸ்ட்ராப்பில் இரண்டு எண் இருக்கும். பெரிதாக அச்சடித்திருப்பது அறுகிற எடை, சின்ன எழுத்தில் இருப்பது வேலை எடை. வேலை எடை பெரும்பாலும் மூன்றில் ஒன்று. 680 கிலோ என்று அட்டையில் மின்னுகிற ஸ்ட்ராப் உண்மையில் 227 கிலோவுக்கானது. மீதமிருக்கும் வாலை முடிச்சுப் போட்டு அடக்குங்கள், காற்றில் படபடத்துக் கிழிந்துவிடும். நீளமான ஸ்ட்ராப் ஓட்டத்தில் ‘ம்ம்ம்’ என்று பாடினால் அதில் ஒரு முறுக்கு விடுங்கள், பாட்டு நின்றுவிடும்.

முன்பாரத்தை நிறுத்துப் பார்ப்பது

என் முதல் பயணத்தில் இரண்டு 250 சிசி பைக்குகள், 210 கிலோ. டிரெய்லர் 180. ரேம்ப்பும் ஸ்ட்ராப்புகளும் 15. நிரம்பிய 20 லிட்டர் பெட்ரோல் கேன் 17, கருவிப் பெட்டி 15. மொத்தம் 437 கிலோ. வண்டியின் வரம்பு 680. நிம்மதியாகக் கிளம்பினேன். கேனையும் கருவிப் பெட்டியையும் இறக்குவதற்கு வசதியாக டிரெய்லரின் வால்பக்கம் கட்டியிருந்தேன்.

80 வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. 85-இல் ஒரு லாரி கடந்து போனது, அதன் காற்றில் டிரெய்லர் ஒரு தடவை வலது பக்கம் ஒதுங்கியது. அப்புறம் இடது. அப்புறம் இன்னும் கொஞ்சம் அதிகமாக வலது. கண்ணாடியில் ஒரு பைக் வந்து போனது, அடுத்த கண்ணாடியில் இன்னொரு பைக் வந்து போனது. ஸ்டியரிங்கை யாரோ பின்னாலிருந்து அசைப்பது மாதிரி இருந்தது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். 60-க்கு இறங்கியதும் ஆட்டம் தானாக அடங்கியது. அந்த நேரத்தில் பிரேக்கை மிதித்திருந்தாலோ, ஆட்டத்துக்கு எதிராக ஸ்டியரிங்கைத் திருப்பியிருந்தாலோ வேறு கதை ஆகியிருக்கும்.

வீட்டுக்கு வந்து நிறுத்துப் பார்த்தால் முன்பாரம் 18 கிலோ. மொத்தத்தில் 4 சதவீதம். 10 முதல் 15 சதவீதம் வரை இருக்க வேண்டும் என்பது வட அமெரிக்கக் கணக்கு. உங்கள் கையேடு வேறு சொன்னால் அதைக் கேளுங்கள். கேனையும் பெட்டியையும் வாலிலிருந்து எடுத்து அச்சுக்கு முன்னால் வைத்தேன். 32 கிலோ, 180 செ.மீ. நகர்ந்தது. என் டிரெய்லரில் அச்சிலிருந்து கப்ளர் 200 செ.மீ. தூரம். 32-ஐ 180-ஆல் பெருக்கி 200-ஆல் வகுத்தால் 29 வரும். 18-ஓடு 29, ஆக 47 கிலோ. 11 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது. அதே வண்டி, அதே டிரெய்லர், அதே சாலை. அடுத்த முறை லாரிகள் கடந்து போனது காதுக்கு மட்டும்தான் தெரிந்தது.

நிறுக்கக் குளியலறைத் தராசு போதும். பைக்குகளோடு டிரெய்லரைக் கழற்றுவது இந்த ஒரு வேலைக்கு மட்டும்தான். டிரெய்லரைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கழற்றி, கப்ளர் வழக்கமாக ஹிட்ச்சில் இருக்கிற அதே உயரத்தில் தராசின் மேல் உட்காரும்படி அடியில் கட்டைகளை அடுக்குங்கள். தராசின் மேல் வைத்த கட்டையின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். சுமையோடு கழற்றும்போது மட்டும் டங்கைக் கையால் அமுக்கிப் பிடித்தபடி மெதுவாகத் தூக்குங்கள். எவ்வளவு பாரமாக இருக்கிறது என்று கைக்கே தெரியும். லேசாக எழும்பினால் பின்பாரம், அங்கேயே நிறுத்திவிட்டுச் சுமையை மாற்றுங்கள்.

கூட்ட வேண்டுமா, குறைக்க வேண்டுமா என்பதை பைக்கை நகர்த்தியே சரிசெய்யலாம். மேலே சொன்ன டிரெய்லரில் ஒரு பைக்கை 20 செ.மீ. முன்னே தள்ளினால் முன்பாரம் 10 கிலோ கூடும். சரியான இடம் கிடைத்ததும் தடத்தில் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள், அடுத்த முறை தராசு வேண்டாம்.

எல்லாம் மாட்டியபின் பக்கவாட்டில் நின்று பாருங்கள். டிரெய்லர் தரைக்கு இணையாக, அல்லது மூக்கு ஒரு சிட்டிகை கீழே இருக்க வேண்டும். மூக்கு மேலே தூக்கியிருந்தால் இறக்கம் அதிகமான பந்துத் தண்டு வாங்கிப் போடுங்கள்.

ஓட்டுவது

பிரேக் இல்லாத டிரெய்லரையும் சேர்த்து நிறுத்துவது எஸ்யூவியின் பிரேக்தான். 1,600 கிலோ வண்டிக்குப் பின்னால் 437 கிலோ என்றால் கால் பங்குக்கு மேல் கூடுதல் வேலை. முன்வண்டியோடு வழக்கமாக விடுகிற இடைவெளியை இரண்டு மடங்காக்குங்கள். யாராவது அந்த இடைவெளியில் புகுவார்கள். புகட்டும், மறுபடி பின்வாங்குங்கள். வேகத்தைப் பற்றி ஒன்று: 80-இலிருந்து 100-க்குப் போனால் வேகம் 25 சதவீதம்தான் கூடுகிறது, நிறுத்த வேண்டிய ஆற்றல் 56 சதவீதம் கூடுகிறது. ஆட்டம் ஆரம்பிப்பதும் அந்த வேகத்தில்தான். எனக்கு 80 போதும். பிந்திப் போனால் மண் எங்கும் ஓடிவிடாது.

சிவிடி எனும் தானியங்கி கியர்பாக்ஸ் உள்ள வண்டிகளில் நீண்ட ஏற்றத்தில் வெப்பம் ஏறும். டிரெய்லர் இழுப்பதற்கென்று தனி முறை இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் வேகத்தைப் பிடித்து வைக்கப் போராடாமல் 60-க்கு விட்டுவிடுங்கள். ஏசியைக் கொஞ்ச நேரம் அணைத்தாலும் உதவும். இறக்கத்தில் பிரேக்கிலேயே காலை வைத்திருக்காமல் கீழ் கியருக்கு மாற்றி எஞ்சினால் பிடியுங்கள். பிரேக் கருகுகிற வாசனை வந்தால் ஓரம் கட்டி ஆறவிடுங்கள்.

திருப்பங்களில் டிரெய்லர் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அகலமாக எடுங்கள். கிளம்பி 20 கிலோமீட்டரில் கட்டாயம் ஒருமுறை நிறுத்த வேண்டும். புது ஸ்ட்ராப் நீளும், பைக் தன் இடத்தில் உட்காரும், கட்டு கொஞ்சம் தளர்ந்திருக்கும். இறுக்கிவிட்டு, சக்கர மையத்தில் புறங்கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கையை வைக்க முடியாமல் சுட்டால் பேரிங்கில் கிரீஸ் இல்லை. சக்கர நட்டுகளையும் முதல் பயணத்தில் இந்த நிறுத்தத்தில் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள்.

ரிவர்ஸ்

ரிவர்ஸ்தான் எல்லோருக்கும் மானம் போகிற இடம். நீளமான டிரெய்லரைவிடக் குட்டையானது கஷ்டம், ஏனென்றால் சட்டென்று மடங்கும். காலியாக இருந்தால் அது எஸ்யூவிக்குப் பின்னால் கண்ணுக்கே தெரியாது. இரண்டு பின்மூலைகளிலும் நீளக் குச்சியில் ஏதாவது கொடி கட்டிவிடுங்கள்.

கையை ஸ்டியரிங்கின் அடிப்பக்கம், ஆறு மணி இடத்தில் வையுங்கள். டிரெய்லரின் வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். அவ்வளவுதான் சூத்திரம். கொஞ்சமாக, மிக மெதுவாக. மடங்க ஆரம்பித்தால் திருத்தப் பார்க்காமல் முன்னே எடுத்து நேராக்கி மறுபடி வாருங்கள். காலி மைதானத்தில் ஒரு மாலை முழுக்கப் பழகிவிட்டால் போதும். பழகாதவர்கள் நுழையும்போதே, வெளியேறுகிற திசையைப் பார்த்து நிறுத்திக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும்போது

போகும்போது கட்டுகிற கவனம் திரும்பும்போது இருக்காது. உடம்பு களைத்திருக்கும், இருட்டிக்கொண்டு வரும், பைக்கில் சில கிலோ சேறு ஒட்டியிருக்கும். பெட்ரோல் கேன் இப்போது காலி என்பதால் முன்பாரமும் காலையில் இருந்தது அல்ல. அச்சுக்கு முன்னால் கேன் இருந்த இடத்தில் ஈரச் சேறு படிந்த பூட்ஸ், கவசங்கள் எல்லாம் ஒரு பெட்டியில் போட்டு வைத்தால் கிட்டத்தட்டச் சரியாகும். விளக்கைச் சோதித்துவிட்டுக் கிளம்புங்கள், பகலில் அணைந்துபோனது தெரிந்திருக்காது.

வீட்டில் பைக்கைக் கழுவும்போது ஸ்ட்ராப்புகளையும் வாளித் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். ஸ்ட்ராப்பை இறுக்குகிற ராட்செட்டின் பல்லில் சேறு காய்ந்தால் அடுத்த முறை அசையாது. தண்ணீர் பீய்ச்சும் இயந்திரத்தை மட்டும் டிரெய்லரின் சக்கர மையத்துக்கு நேராகப் பிடிக்காதீர்கள். சீலைத் தாண்டி உள்ளே போன தண்ணீர் வெளியே வராது. அடுத்த பயணத்தின் 20-ஆவது கிலோமீட்டரில் புறங்கையை வைத்துப் பார்க்கும்போதுதான் தெரியும்.